முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா

விமானத்தில் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு, கேபின் க்ரூ, அதாவது விமானப் பணியாளர்களான நாங்கள், தனியாகப் போய் ஒரு விளக்கம் கொடுப்போம். ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் முதலில் உங்களுக்கு, அப்புறம் பிள்ளைக்கு. இதைக் கேட்டு முகம் சுளிக்காத அம்மாக்கள் குறைவு. போன வாரம் ஒரு பாட்டி நேராகவே கேட்டுவிட்டார்: "நீ பிள்ளை பெத்தவதானா?"

பெற்றவள்தான். இரண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் மனதில் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது: விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் மூச்சு முட்டும், நான் பெரியவள், கொஞ்ச நேரம் தாங்குவேன், அதற்குள் பிள்ளைக்கு மாட்டிவிடலாம். தாங்க மாட்டீர்கள். முதலில் மூச்சே முட்டாது. அதுதான் ஆபத்து. நமக்கு மூச்சு முட்டுகிற தவிப்பு வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் சேர்வதால். உயரத்தில் நீங்கள் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள், அந்த வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே போகும். உடம்பு எச்சரிக்கை கொடுக்காது. கொரோனா சமயத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் எண்பதுக்குக் கீழே காட்ட, "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று போனில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதை, இங்கே நொடிகளில் நடக்கும்.

விமானப்படைக்காரர்களைப் பெங்களூரில் உள்ள வான்வழி மருத்துவ நிறுவனத்தில் அழுத்தம் குறைத்த அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட அறையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கழித்தல் கணக்குப் போடச் சொல்வார்கள். முதல் சில கணக்குகள் சரியாக வரும். அப்புறம் எழுத்து கோணும். ஆள் சிரித்துக்கொண்டே இருப்பார். "மாஸ்க்கைப் போடுங்கள்" என்று சொன்னால், கையில் மாஸ்க் இருந்தும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர்தான் மாட்டிவிட வேண்டும். இது உடற்பயிற்சி செய்து தேறிய வாலிபனுக்கு.

35,000 அடியில் நமக்குப் புத்தி வேலை செய்யும் நேரம் 30 முதல் 60 நொடி. அழுத்தம் சட்டென்று போனால் அதுவும் பாதியாகும். இப்போது, மாஸ்க்கைப் பார்த்து மிரண்டு, உங்கள் கையைத் தட்டிவிடும் இரண்டு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது நொடி அதிலேயே போய்விடும். நீங்கள் மயங்கினால் அது உங்களுக்கு மாட்டிவிடுமா? மாறாக, உங்களுக்கு மாட்ட ஐந்து நொடி. அதற்குள் பிள்ளை சற்றுத் துவண்டாலும், மாஸ்க் போட்டதும் தெளிந்துவிடும். பாசத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

சினிமாவில் காட்டுவதுபோல ஜன்னல் உடைந்து ஆள் பறந்தால்தான் அழுத்தம் போகும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் ஓட்டை எதுவும் விழவில்லை. எஞ்சினிலிருந்து கேபினுக்குக் காற்று வரும் சுவிட்சைப் போட விட்டுவிட்டார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்குகள் விழுந்தன. சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. அதற்கும் முன்னால், 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தவறான நிலையில் இருந்துவிட்டது. எச்சரிக்கை ஒலியைப் பைலட்டுகள் வேறொன்றுக்கானது என்று நினைத்தார்கள். கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே இருவரும் நினைவிழந்தார்கள். விமானத்திலிருந்த 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பயிற்சி பெற்ற பைலட்டுகளுக்கே தெரியவில்லை, தாங்குவேன் என்கிறீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. மாஸ்க்கை வெடுக்கென்று உங்கள் பக்கம் இழுங்கள். பெரும்பாலான விமானங்களில் இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். பை ஊதிக்கொள்ளவில்லை என்று கழற்றி உதறாதீர்கள், பை ஊதாவிட்டாலும் ஆக்சிஜன் வரும். லேசான தீய்ந்த வாடை வரலாம். மேலே ஆக்சிஜனை உண்டாக்கும் கருவி சூடாவதால் வருவது, நெருப்பு இல்லை. மூக்கும் வாயும் இரண்டும் மூட வேண்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் எஞ்சின் சிதறி ஜன்னல் உடைந்தபோது ஒரு பயணி எடுத்த படத்தில், மாஸ்க் வாயில் மட்டும் இருக்க, மூக்கு வெளியே. படம் எடுக்க நேரம் இருந்திருக்கிறது! நம் ஊரில் இரண்டு வருடம் தாடைக்கு மாஸ்க் போட்டுப் பழகியவர்கள் இதைக் கூடுதலாகவே நினைவில் வைக்க வேண்டும்.

நடைபாதையில் இருந்தால் உங்கள் சீட்டுக்கு ஓடாதீர்கள். கைக்கு எட்டும் மாஸ்க்கைப் பிடித்து அங்கேயே உட்காருங்கள். டாய்லெட்டிலும் மாஸ்க் விழும், அதையே போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஓடி வந்து உதவவில்லை என்று பிறகு புகார் எழுதுகிறவர்களுக்கு: நாங்களும் அப்போது அருகில் கிடைத்த மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்போம். மயங்கிக் கிடக்கும் பணிப்பெண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் விமானம் வேகமாக இறங்கும். பைலட்டுகள்தான் வேண்டுமென்றே இறக்குகிறார்கள், மாஸ்க் இல்லாமல் மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு. அறிவிப்பு உடனே வராது, அவர்களும் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலையில் இருப்பார்கள். இதைத்தான் மறுநாள் "நடுவானில் தலைகுப்புறப் பாய்ந்த விமானம்" என்று போடுகிறார்கள். தலைக்கு மேலே உள்ள ஆக்சிஜன் பொதுவாகப் பன்னிரண்டு நிமிடமாவது வரும், இறங்க அது போதும். காது வலித்தால் எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். தரையிறங்கிய பிறகும் அடைப்போ இரத்தமோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்று சீட் உள்ள வரிசையில் பொதுவாக நான்கு மாஸ்க்தான் இருக்கும், நான்காவது மடியில் இருக்கும் குழந்தைக்கு. அக்கா தங்கை இருவரும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ஒரே பக்கம் உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்கு மாஸ்க் இருக்காது. அதனால்தான் ஒருவரை வேறு வரிசைக்குப் போகச் சொல்கிறோம். சண்டை போடாமல் மாறி உட்காருங்கள், அம்மா.