உங்க வீட்டுக்கு எவ்வளவு ஹீட் வேணும்? கேஸ் பில்லை வச்சே கண்டுபிடிக்கலாம்

டொரன்டோ பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் மாத்தும்போது, விக்கிறவர் 80,000 பி.டி.யூ (மணிக்கு எவ்வளவு சூடு தரும்ங்கிற அளவு) போட்டுக்கலாம்னு சொன்னா சரின்னு தலையாட்டிடுறாங்க, ஏன் 80,000, ஏன் 40,000 பத்தாதுன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. கண்டிப்பா கேக்கணுங்க. எட்டாங்கிளாஸ் அல்ஜிப்ரா இதுக்குப் போதும்.

ஓட்டைக் குடத்துல தண்ணி மட்டம் இறங்காம இருக்கணும்னா ஒழுகுற அளவுக்கு ஊத்திக்கிட்டே இருக்கணும்ல, ஃபர்னஸ் செய்யுறதும் அதேதான். அப்போ எவ்வளவு ஒழுகுதுன்னு தெரியணும்:

சூடு இழப்பு = யூ × பரப்பு × டிகிரி வித்தியாசம்

யூ-ங்கிறது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் வெளிய போகுதுங்கிற எண். ஓரளவு இன்சுலேஷன் இருக்கிற சுவருக்கு 0.4, சுமாரான டபுள் கிளாஸ் ஜன்னலுக்கு 2-ன்னு வச்சுக்குவோம். 120 சதுர மீட்டர் சுவர்னா 48, வெறும் 20 சதுர மீட்டர் ஜன்னலுக்கு 40! ஆறுல ஒரு பங்கு இடம்தான், ஆனா இழப்பு கிட்டத்தட்ட சமம். கூரைக்கு 16, பேஸ்மென்டுக்கு 30 போடுங்க. அப்புறம் எல்லாரும் மறக்கிற விஷயம் காத்து. 400 கன மீட்டர் வீட்டுல மணிக்குப் பாதி காத்து மாறுதுன்னா 0.33 × 400 × 0.5 = 66 (ஒரு கன மீட்டர் காத்தை ஒரு டிகிரி ஏத்த 0.33 வாட் மணி வேணும், அதான் அந்த 0.33). பாருங்க, சுவரை விட இடுக்கு வழியா போறது அதிகம்.

எல்லாம் சேர்த்தா டிகிரிக்கு 200 வாட். கடுங்குளிர் நாள்ல வெளிய மைனஸ் 19, உள்ள 21, வித்தியாசம் 40. 200 × 40 = 8,000 வாட், அதாவது சுமார் 27,000 பி.டி.யூ. இந்த மாதிரி வீட்டுக்கு 80,000 போட்டா ஃபர்னஸ் கொஞ்ச நேரம் ஓடி நின்னுடும், திரும்ப ஓடும் திரும்ப நிக்கும், தெர்மோஸ்டாட் இருக்கிற ஹால் சூடாயிடும், மாடி ரூம் சில்லுன்னே கிடக்கும்.

சரி, நம்ம வீடு டிகிரிக்கு எத்தனை வாட் இழக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? சமன்பாட்டைத் திருப்பிப் போடுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். உதாரணத்துக்கு ஜனவரி கேஸ் 330 கன மீட்டர், ஜூலை 40. ஜூலைல ஓடுறது சுடுதண்ணியும் சமையலும்தான், அதைக் கழிச்சா ஹீட்டுக்குப் போனது 290. ஒரு கன மீட்டர் கேஸ்ல சுமார் 10.5 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி, ஃபர்னஸ் திறன் 95 சதவீதம்னா வீட்டுக்குள்ள வந்தது 2,893 யூனிட்.

இப்போ குளிரை அளக்கணும். 18 டிகிரில இருந்து அந்த நாளோட சராசரியைக் கழிப்பாங்க, அதுக்குப் பேரு டிகிரி டே. வீட்டுல 21 வைக்கிறோம், அப்புறம் ஏன் 18-ன்னா, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஆளுங்க உடம்புச் சூடு, ஜன்னல் வெயில் எல்லாம் மிச்சத்தை ஏத்திடும். ஜனவரி சராசரி மைனஸ் 4-ன்னா 22 × 31 = 682, மணிக்கணக்குல மாத்த 24 ஆல பெருக்கினா 16,368. 2,893 யூனிட்டை 1,000 ஆல பெருக்கி வாட் மணியாக்கி, 16,368 ஆல வகுத்துப் பாத்தா டிகிரிக்கு 177 வாட்.

இதான் உங்க வீட்டோட நம்பர். 40 ஆல பெருக்கினா 7,080 வாட், 24,000 பி.டி.யூ பக்கம் வரும், ஹீட் பம்ப் வாங்கப் போனாலும் இதைக் கையில வச்சுக்கிட்டே பேசுங்க. அட்டிக்ல இன்சுலேஷன் போட்டீங்கன்னா அடுத்த ஜனவரி பில்லுக்கும் இதே கணக்கைப் போடுங்க, அந்த வருஷம் குளிர் கூடுனாலும் குறைஞ்சாலும் டிகிரி டே அதைச் சரிக்கட்டிடும், வேற எதையும் மாத்தலைன்னா, 177 எவ்வளவு இறங்கியிருக்கோ அதுல பெரும்பங்கு இன்சுலேஷன் செஞ்ச வேலை.