இன்டென்சிட்டி: செறிவுமில்லை, தீவிரமுமில்லை

உடல் எடை கூடியவர்களுக்கான குறிப்புகளில் ‘ஹை இன்டென்சிட்டி’ பயிற்சிக்குத் தமிழாக ‘உயர்செறிவுப் பயிற்சி’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. எதைச் செறிக்கச் சொல்கிறார்கள்?

இன்டென்சிட்டியின் வேர், ‘இழுத்து விறைப்பாக்கு’ என்னும் லத்தீன் வினை. உடற்பயிற்சியில் அது உடல் உழைக்கும் வீதம். வேர்க்கதை இவ்வளவே.

செறிவு என்றால் நெருக்கம், உப்புக்கரைசலுக்குப் பொருந்தும். ‘ஒளிச்செறிவு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும், ஒளிக்கு ஓய்வுநேரம் கிடையாது. பயிற்சிக்கு உண்டு. 1 நிமிட ஓட்டம், 4 நிமிட நடை என மாறி மாறிச் செய்பவர் நடையை 2 நிமிடமாகக் குறைக்கிறார். ஓட்ட வேகம் அதேதான்; ஓட்டங்கள் நெருங்கிவிட்டன. பயிற்சியாளர்கள் இதைத்தான் டென்சிட்டி என்கிறார்கள். செறிவை இன்டென்சிட்டிக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவது?

தீவிரத்தை வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. அது அளவுகோலின் மேல்முனை. ‘மிதமான தீவிரம்’ என்பது ஆறிய கொதிப்பு மாதிரி. கடுமைக்கும் இதே குறை. ‘மட்டம்’ பரவாயில்லை, ஆனால் ‘மட்டமான பயிற்சி’ என்று யாராவது எழுதியே தீருவார்கள்.

சூடு எவ்வளவு என்று சொல்ல ‘வெப்பநிலை’ வந்தது. அதே வழியில் உழைப்புநிலை: குறை, நடு, உயர் மூன்றும் உறுத்தாமல் ஒட்டும்.

‘நிலை’ ஆளைப் பொறுத்தது என்பதும் முக்கியம். உழைப்பை அளக்கும் அலகு மெட் (MET); சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் ஆற்றல் செலவு 1 மெட். மணிக்கு 6.4 கி.மீ. நடை ஏறத்தாழ 5 மெட். உச்சத்திறன் 12 மெட் உள்ளவருக்கு அது 42%, குறை உழைப்புநிலை. 7 மெட்டே உள்ள, எடை மிகுந்த ஒருவருக்கோ 71%, அதாவது உயர். ‘வேகநடை மிதமான பயிற்சி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அவர் பத்தாவது நிமிடத்தில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார். பேச்சுச் சோதனை எளிது: பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடு, சில சொற்களுக்கே மூச்சு வாங்கினால் உயர்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரக் கணக்கும் இதைச் சார்ந்தது: நடு உழைப்புநிலையில் 150–300 நிமிடம், உயர்நிலையில் 75–150. எரியும் கலோரி சமமென்றால் இடுப்புச் சுற்றளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். இதய-நுரையீரல் திறன் உயர்நிலையில்தான் கூடுதலாக ஏறும்.

அந்த உயர்நிலையைத்தான் சிலர் ‘வீரியமான உடற்பயிற்சி’ என்கிறார்கள். வீரியம் விதைக்கு, விஷத்துக்கு, நடைக்கு எதற்கு?