பல்லி ஒன்றுதான், காட்டுகிற ஆள்தான் வேறு

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஐயா வீட்டில் கல்யாணம் காட்சி என்றால்தான் இரண்டாங்கட்டை (வீட்டின் உள்ளே இருக்கும் இரண்டாவது முற்றப் பகுதியை) திறப்பார்கள். திறந்ததும் தேக்குத் தூணிலிருந்து நாலைந்து பல்லிகள் ஓடும். ஆச்சிக்கு (எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்) பல்லி என்றால் உயிரே போய்விடும். ஒரு தடவை பங்காளி அண்ணன் ஒருவர், "பழகினா சரியாப் போயிடும்" என்று ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு வந்து காட்ட, அது வாலை மட்டும் விட்டுவிட்டு ஓட, வால் ஆச்சியின் மடியில் கிடந்து துடித்தது. அதன்பிறகு பல வருஷம் ஆச்சி இரண்டாங்கட்டுப் பக்கமே போகவில்லை.

அண்ணன் சொன்னது முழுத் தப்பும் இல்லை. பயப்படும் பொருளின் அருகே போய், ஓடாமல் நிற்பதுதான் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை. ஓடும் ஒவ்வொரு முறையும் 'அப்பாடா' என்று இருக்கும், ஆனால் பல்லி ஒன்றும் செய்யாது என்று மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. நின்று பார்த்தால் புதுப் பாடம் ஒன்று பதியும். பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் இது ஏறி உட்கார்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஓடத் துடிப்பவரை நிற்க வைப்பது எது?

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனைப் பற்றி எழுதினார். அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு இடம்: பீட்டர் தன் அப்பா என்றே சொல்லிக்கொண்ட, அவனுக்கு ரொம்பப் பிடித்த மாணவ உதவியாளர் ஒருவர் கூட இருந்தபோது அவன் துணிச்சலாக முன்னேறினான் என்பதையும் ஜோன்ஸ் குறித்து வைத்திருக்கிறார்.

நிற்க வைப்பது, கூட இருப்பவர் மேல் உள்ள நம்பிக்கைதான். ஆனால் நம்பிக்கை என்றால் சிரித்துப் பேசுவது மட்டுமில்லை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989இல் விவரித்த, அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரே அமர்வுச் சிகிச்சையில், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்லி, தானே செய்து காட்டி, நோயாளி சம்மதித்த பிறகுதான் சிகிச்சையாளர் அடுத்த படிக்குப் போவார். திடீர் வேலையே கிடையாது. அண்ணனிடம் இல்லாமல் போனது இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஊருணியில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்களே, அதைக் கடைசிவரை அவிழ்க்காவிட்டால்? சிகிச்சையாளரின் துணையும் அப்படித்தான். 'மேடம் இருந்தாங்க, அதனால் ஒன்றும் ஆகலை' என்றுதான் மூளை கணக்குப் போடும். அதனால் நல்ல சிகிச்சையாளர் மெல்ல மெல்ல விலகிக்கொள்வார்.

ஆச்சி பார்க்கப் போன உளவியலாளர் அப்படித்தான் செய்தார். முதல் நாள் இருவரும் இரண்டாங்கட்டுக் கதவருகே நின்றார்கள். "பயம் இப்போ நூற்றுக்கு எவ்வளவு?" "தொண்ணூறு மேடம்." பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, கூடவே நின்றார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். இன்னொரு நாள் வளவில் (முதல் முற்றத்தில்) நின்றுகொண்டு அங்கிருந்தே கேட்டார். அப்புறம் அவர் வாசல் பக்க முகப்போடு சரி.

போன தை மாதக் கல்யாணத்துக்குக் கதவைத் திறந்தது ஆச்சிதான். தூணில் ஒன்று இருந்தது. "முப்பது" என்றார், யாரும் கேட்காமலே.