விசுவாசம்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

ஆலயத்தில் 'விசுவாசம்' என்றால் கடவுளை நம்புவது. வெளியே வந்தால் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. சோறு போட்டவரை விட்டுப் போகாத நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். விசுவாசமான வேலையாள் என்றால், யாரும் பார்க்காதபோதும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். வேதாகமம் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நாம்தான் முதல் பொருளோடு நின்றுவிடுகிறோம்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'சுவாசம்' பிறந்த அதே வேர்தான் இதற்கும். பயம் நீங்கி ஆறுதலாக மூச்சுவிடுகிற நிலையிலிருந்து நம்பிக்கை என்ற பொருள் வளர்ந்தது.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் இதற்கு நெருங்கிய சொல் 'எமூனா'. 'ஆமென்' பிறந்ததும் அதே வேரில். யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மலைமேல் மோசே கையை உயர்த்தினால் இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், தாழ்த்தினால் அமலேக்கியர். கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோனும், ஊர் என்ற இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப்பிடிக்க, பொழுது சாயும்வரை அந்தக் கைகள் அசையாமல் நின்றன. அந்த 'அசையாமல்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்தான் எமூனா. வலிக்கிற கையை இறக்காமல் வைத்திருப்பதற்கும் அந்தப் பெயர்!

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்'. நம்புவதும் அதுதான், நம்பத்தக்கவராக இருப்பதும் அதுதான். தாலந்து உவமையில் எஜமான் பாராட்டும் "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்பதில் வரும் 'உண்மையுள்ள' இந்தச் சொல்லின் குடும்பமே (மத்தேயு 25:21).

சரி, தமிழில் என்ன சொல்வது? 1995-இல் வந்த புதிய வேதாகம மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்றது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்ற பழைய வரிசையில் (1 கொரிந்தியர் 13:13) நம்பிக்கை என்பது வரப்போவதை எதிர்நோக்கியிருப்பதற்குப் பெயராக இருந்தது. அதனால் புதியதில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று ஆனது. பழகிய காதுக்கு முதலில் உறுத்தும். ஆனாலும் என் பார்வையில் சரியான சொல் நம்பிக்கைதான். 'நம்பு' என்ற வேர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: நம்பிக்கை வைக்கிறவர், நம்பிக்கைக்குரியவர். இன்னொன்றும் உண்டு. தொல்காப்பியம் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது. நசை என்றால் விருப்பம். அப்படியானால் நம்புவது என்பது பழந்தமிழில் விரும்புவது. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" (யோவான் 14:15; கற்பனைகள் என்றால் இங்கே கட்டளைகள்) என்று இயேசு சொன்னதை இந்த வேரிலிருந்து படித்தால், கீழ்ப்படிதல் விரும்பிச் செய்கிற காரியமாகத் தெரிகிறது.

அப்புறம், "விசுவாசம் கேள்வியினால் வரும்" (ரோமர் 10:17) என்ற வசனம். இங்கே கேள்வி என்பது வினா அல்ல, குறளின் 'கேள்வி' அதிகாரத்தில் உள்ளதுபோல, கேட்டல். வீட்டில் பிள்ளையிடம் "சொன்னா கேளு" என்றால் காதில் வாங்கினால் மட்டும் போதாது, அதன்படி நடக்க வேண்டும். "இஸ்ரவேலே, கேள்" என்பதிலுள்ள எபிரேயச் சொல்லும் அப்படித்தான். ஆபிரகாம் கேட்டார், போகும் இடம் இன்னதென்று தெரியாமலே புறப்பட்டார் (எபிரெயர் 11:8). இன்றைக்கு வேலைக்கும் வீட்டுக்கும் தேவ நடத்துதல் கேட்டு உருகி ஜெபிக்கிறவர்கள் பலர், கூடப்பிறந்தவரோடு பேசாமலே இருக்கிறார்கள். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" (மத்தேயு 5:24) என்ற நடத்துதல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எழுதும்போது விசுவாசிக்கு 'நம்பிக்கையாளர்' எனலாம். ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் இடத்தில் 'நம்பிக்கைக்குரிய', 'உண்மையுள்ள' இரண்டும் பொருந்தும்.