சுவிஸ் படைவீரரின் ஆண்டுச் சுடுபயிற்சி: யாருக்குக் கட்டாயம், யாருக்கு இலவசம், யாருக்குத் தடை

சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் பலர் இன்று படைச்சேவைக்கு அழைக்கப்படும் வயதில் இருப்பதால், ஆரம்பப் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பின்னும் தொடரும் ஒரு கடமையைப் பற்றிப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. படைத்துறை வழங்கிய துப்பாக்கியை வைத்திருக்கும் வீரர், சேவை நாட்களுக்கு வெளியே, ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட சுடுகழகம் ஒன்றில் கூட்டாட்சி அரசு வகுத்த சுடுபயிற்சியை நிறைவேற்றியாக வேண்டும். படைச் சட்டத்தின் 63ஆம் பிரிவும், 2003 டிசம்பர் 5ஆம் திகதிய சுடுபயிற்சி ஆணையும் இதற்கு அடிப்படையாகும். கடைசி நாள் ஆகஸ்ட் 31.

இக்கடமைக்காகக் கழகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. ரவைகளுக்கும் பணம் இல்லை. படைத்துறை அனுப்பிய அழைப்புக் கடிதம், சேவைப் புத்தகம், சுடுபயிற்சிச் சான்றேடு, அடையாள அட்டை, தமக்கு வழங்கப்பட்ட துப்பாக்கி, காதுக் காப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். கழகங்கள் ஆண்டுக்குச் சில நாட்களையே இதற்கென ஒதுக்குவதால், ஆகஸ்ட் வரை காத்திராமல் வசந்தகாலத்திலேயே முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

துப்பாக்கிக்கான பயிற்சி 300 மீற்றர் தூரத்தில் 20 ரவைகளைக் கொண்டது. முதல் ஐந்தும் ஏ5 எனப்படும், ரவைக்கு ஐந்து புள்ளி வரை தரும் இலக்குப் பலகையிலும், மீதிப் பதினைந்தும் நான்கு புள்ளி வரை தரும் பி4 பலகையிலும் சுடப்படுகின்றன. முதல் பத்து ரவைகளை ஒவ்வொன்றாக ஆறுதலாகச் சுடலாம். பின்னைய பத்தும் சிறு தொடர்களாக, நேரக் கட்டுப்பாட்டுக்குள் சுடப்பட வேண்டியவை என்பதால், பலருக்குப் புள்ளி குறைவது அங்கேதான். அதிகபட்சம் 85 புள்ளிகள். தேர்ச்சிக்கு 42 புள்ளிகள் வேண்டும், புள்ளியே பெறாத ரவைகள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சுடுமேடையில் இருக்கும் கழகத்தின் பயிற்றுநர், படுத்திருக்கும் நிலை, தோளில் துப்பாக்கி பதியும் விதம், மூச்சை அடக்கும் நேரம், விசையை இழுக்கும் மென்மை ஆகியவற்றைப் பார்த்து அந்த இடத்திலேயே திருத்துவார். பயிற்சியில் தடுமாறுபவர் வெட்கப்படாமல் அவரிடம் கேட்டால், அடுத்த ரவையிலேயே வித்தியாசம் தெரியக்கூடும்.

தேர்ச்சி பெறாதவர் தம் சொந்தச் செலவில் ரவை வாங்கி இரண்டு முறை வரை மீண்டும் முயலலாம். அப்போதும் முடியாவிட்டால் ஒரு நாள் பயிற்சிக்கு அழைக்கப்படுவார், அதற்குச் சேவைச் சம்பளம் உண்டு. ஆகஸ்ட் 31க்குள் சுடுகழகத்துக்கே போகாதவர் அழைக்கப்படும் பயிற்சி வேறு: அதற்குச் சம்பளம் கிடையாது, அதற்கும் வராதவர் தண்டனைக்கு உள்ளாவார். முயன்று தவறியவரையும் முயலாதவரையும் சட்டம் இவ்வாறு வேறுபடுத்துவது நியாயமாகவே படுகிறது.

படையில் சேருவதற்கு முன்பே பழக விரும்பும் சுவிஸ் குடிமக்களுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், 15 வயதை நிறைவு செய்யும் ஆண்டு முதல் 20 வயதை நிறைவு செய்யும் ஆண்டு வரை இளஞ்சுடுநர் வகுப்பு உண்டு. ‘யுங்ஷுட்சென்குர்ஸ்’ என்ற பெயரில் உள்ளூர்க் கழகங்கள் அதை நடத்துகின்றன. படைத்துறையின் 90ஆம் இலக்கத் தாக்குதல் துப்பாக்கி இரவலாகவும், ரவைகள் இலவசமாகவும் கிடைக்கும். எந்தத் துப்பாக்கியையும் ரவை ஏற்றப்பட்டதாகவே கருதுதல், சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதிருத்தல், குறி இலக்கில் படியும் வரை விசையில் விரலை வைக்காதிருத்தல், இலக்கை உறுதிப்படுத்திக்கொள்ளுதல் என்னும் நான்கு விதிகளும் முதலில் கைக்குப் பழக வேண்டும்.

சேவை முடிந்தபின் துப்பாக்கியைத் தமக்கே வைத்துக்கொள்ள விரும்புபவர், கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் கட்டாயப் பயிற்சியையும் ‘ஃபெல்ட்ஷீசன்’ எனப்படும் களச் சுடுவிழாவையும் குறைந்தது இரண்டிரண்டு முறை முடித்திருப்பதோடு, ஆயுதக் கொள்வனவு அனுமதியும் பெற வேண்டும். தானாகத் தொடர்ந்து சுடும் வசதி நீக்கப்பட்ட பின்னரே துப்பாக்கி அவரிடம் ஒப்படைக்கப்படும்.

இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருப்போர் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். சுவிஸ் ஆயுத ஆணையின் 12ஆம் பிரிவு, சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் மட்டுமல்லாமல் சுடுவதையும் தடைசெய்கிறது; அந்தப் பட்டியலில் இலங்கையும் உள்ளது. நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும் இத்தடை நீங்காது. வேட்டையிலோ விளையாட்டுப் போட்டியிலோ பங்குபற்றுவோருக்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த அனுமதி கைக்கு வரும் முன்பு, நண்பர் ஒருவரின் அழைப்பில் சுடுகழகம் சென்றாலும் துப்பாக்கியைக் கையில் எடுக்கக் கூடாது.