ரிலே: தொடரோட்டமா, அஞ்சலோட்டமா?

நீலகிரிப் பள்ளிகளின் விளையாட்டு விழா அழைப்பிதழில் ‘தொடர் ஓட்டம்’ என்று அச்சாகியிருக்கும். மைதானத்தில் பி.டி. வாத்தியார் கூப்பிடுவதோ ‘ரிலே’. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில், சிறுவயதில் இலங்கையில் படித்துவிட்டு 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ‘அஞ்சலோட்டமா?’ என்பார்கள். மூன்றில் எது பொருத்தம் என்றால் என் ஓட்டு அஞ்சலோட்டத்துக்கு.

ரிலே பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘விட்டுவைத்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் வழிநெடுகச் சில நாய்களை நிறுத்திவைப்பார்கள். துரத்தி ஓய்ந்த நாய்களுக்குப் பதிலாக அவை களமிறங்கும். அந்த மாற்று நாய்க்கூட்டத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு பயணத்தில் மாற்றுவதற்கென்று நிறுத்திவைத்த குதிரைகளுக்கும் வந்தது. ஓட்டப்பந்தயத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டுவதற்கு முன்பு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய டோங்கா வண்டிகளுக்கு வழியில் குதிரை மாற்றுவார்கள். ரிலேயின் பழைய பொருள் அச்சு அசலாக அதுதான். டோலி தூக்கியவர்கள் இதையே ‘தோள் மாற்றுவது’ என்றார்கள்.

‘தொடர் ஓட்டம்’ தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. ஒரே ஆள் நிற்காமல் ஓடினாலும் அது தொடர்ந்த ஓட்டம்தானே? இந்தப் பந்தயத்தின் உயிர் ஆள் மாறும் இடத்தில் இருக்கிறது. ஆண்கள் 4×100 (நால்வர், ஆளுக்கு 100 மீட்டர்) ஒலிம்பிக்கில் நுழைந்த 1912லேயே, ஸ்டாக்ஹோம் இறுதிப் போட்டியில் ஜெர்மனி கையில் பிடித்து ஓடும் கோலை மாற்றுவதில் தவறித் தகுதியிழந்தது. 2016 ரியோவில் அமெரிக்கா மூன்றாவதாக வந்தும் பதக்கம் இல்லை: முதல் மாற்றத்தில், கோல் மாற்ற ஒதுக்கிய எல்லைக்கு முன்பே அடுத்தவர் கை கோலில் பட்டுவிட்டது. அதே பந்தயத்தில் ஜப்பானுக்கு 37.60 விநாடியில் வெள்ளி. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியதில்லை! கீழிருந்து மேலாகக் கோலைக் கையில் வைக்கும் முறையை அவர்கள் அவ்வளவு பழகியிருந்தார்கள்.

இனி அஞ்சல். தபாலுக்குத் தமிழ்ச்சொல் என்றுதான் இன்று நமக்குத் தெரியும். திருவிதாங்கூரில் அஞ்சல் துறையே தனியாக இருந்தது. 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. அங்கே மணி கட்டிய கோலோடு கடிதப்பை சுமந்து ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். ஒருவர் ஓடிவந்து பையைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கி ஓட வேண்டும். கோல் உண்டு, ஓட்டம் உண்டு, ஆள் மாறுவதும் உண்டு. பெயரை எடுத்துப் பந்தயத்துக்கு வைத்தால் ஒட்டாமலா போகும்? இத்தாலியர்கள் ரிலேயை ‘ஸ்டஃபெத்தா’ என்பார்கள். குதிரையேறிச் செய்தி கொண்டுபோன தூதனின் பெயர் அது. ஜப்பானில் சாலை ரிலேக்கு ‘எக்கிதென்’ என்று பெயர். பழைய அஞ்சல் நிலையங்களிலிருந்து வந்தது. நம் வானொலியும் ரிலேயை ‘அஞ்சல் செய்தல்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. வானொலிக்குப் பொருந்தியது மைதானத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

கையில் பிடித்து ஓடும் பேட்டனுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். அதுவும் பிரெஞ்சுதான், பொருள் தடி. ‘தடி’ என்றால் நமக்கு அடிதடி நினைவுக்கு வரும். ‘கோல்’ நல்ல சொல், இலங்கையில் அப்படியே புழங்குகிறது. ஆனால் நம் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்துக்காரர் தினமும் கோல் போட்டுக்கொண்டிருக்கிறார். குழப்பம் வரும் இடத்தில் ‘குறுங்கோல்’ எனலாம். அளவுக்கும் அது சரி: 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது 50 கிராம் எடை, உள்ளே வெற்றுக்குழல்.

அதை மாற்றுவதைக் ‘கைமாற்று’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கடன் ஆகிவிடும். ‘கோல் மாற்றம்’ போதும். 4×100இல் மாற்ற வேண்டிய 30 மீட்டர் பகுதி ‘மாற்றெல்லை’. இதில் ஒரு நுணுக்கம்: ஓடுபவரின் கால் எங்கே இருக்கிறது என்று நடுவர் பார்ப்பதில்லை, கோல் எங்கே இருக்கிறது என்றே பார்ப்பார். வாங்குபவரின் உடம்பு எல்லைக்கு வெளியே போயிருக்கலாம். கோல் உள்ளே இருக்கையில் கைமாறிவிட்டால் செல்லும். வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. வருகிறவர் தரையில் ஒட்டிய அடையாளத்தைத் தொட்டதும் பாய்ந்து கிளம்பி, பின்னால் ஒரு குரல் கேட்டதும் கையை நீட்டுவார். நம் பிள்ளைகள் ‘ஸ்டிக்!’ என்று கத்துவது அந்தக் குரல்தான்.

2012 லண்டனில் ஜமைக்கா வைத்த உலக சாதனை 36.84 விநாடி. ஆளுக்குச் சராசரி 9.21, உசேன் போல்ட்டின் தனி 100 மீட்டர் சாதனையே 9.58தான். முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டே கோலை வாங்குவதால் வரும் லாபம் இது.

அடுத்த அழைப்பிதழில் ‘4×100 அஞ்சலோட்டம்’ என்று போடலாம். தலைமையாசிரியர் தயங்கினால், அடைப்புக்குறிக்குள் ‘ரிலே’ என்று சேர்த்துக்கொள்ளட்டும்.