வளவில் நின்று கூப்பிடுவது போல: பழைய கம்ப்யூட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். நாம் ஒரு பாத்திரத்தைக் காட்டி விலை கேட்டால், கடைக்காரர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். எனாமல் சாமான் என்றால் அடியில் ஸ்வீடன் என்றோ ஜப்பான் என்றோ முத்திரை இருக்கும். பித்தளை, வெள்ளி என்றால் சீர் வந்த வீட்டு விலாசம் இரண்டு மூன்று எழுத்துகளில் வெட்டியிருக்கும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதை அவர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை.

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்விக்கும் இதேதான் பதில். மகனுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். கடையிலேயே அசெம்பிள் செய்தது. கேபினெட் முகப்பில் "நாலாம் தலைமுறை ஐ5" என்று ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டதும், பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது. "இது என்ன பாகம் என்றே தெரியவில்லை. திறந்து பார்க்கவும் பயம். அஷ்டமியில் வாங்கியதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

அஷ்டமியை முதலில் முடித்துவிடுவோம். மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்றைய தேதியே தெரியாது. திதிக்கு எங்கே போகும்?

திறக்கவும் வேண்டியதில்லை. மஞ்சள் குறி உள்ள பெயர் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போனால் ஒரு நீளமான வரி வரும். அதை அப்படியே அனுப்பச் சொன்னேன். வந்ததில் நமக்கு வேண்டியவை மூன்று: வெண்டர் 8086, டிவைஸ் 1சி3ஏ, பின்னால் வரும் சப்சிஸ்டம் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1458. நடுவில் எழுத்து வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது பதினாறடிமான எண். ஒன்பதுக்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் இலக்கங்களே.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கம்ப்யூட்டருக்குள் எதோடு பேச வேண்டுமானாலும் அதற்கு ஒரு முகவரி வேண்டும். ஆனால் பவர் பட்டனை அழுத்திய கணத்தில் யாருக்கும் முகவரி கிடையாது. எந்த ஸ்லாட்டில் என்ன கார்டு செருகியிருக்கிறது என்பதே பிராசஸருக்குத் தெரியாது. முகவரி கொடுக்க வேண்டுமானால் ஆள் யார் என்று தெரிய வேண்டும். ஆள் யார் என்று கேட்க வேண்டுமானால் முகவரி வேண்டும். 1992-இல் இன்டெல் பிசிஐ என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது.

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் அறைகள், புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) ஓர் அறை. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, ஒருவர் பெயரும் தெரியாது. என்ன செய்வீர்கள்? வாசல் வாசலாகப் போய், "உள்ளே யாரு?" என்று கேட்பீர்கள். ஆளைக் கூப்பிடப் பெயர் வேண்டும், வாசலைக் காட்ட விரல் போதும். பிசிஐயும் விரலைத்தான் நீட்டியது. முகவரியும் தரவும் போகிற கம்பிகள் எல்லா ஸ்லாட்டுக்கும் பொது. அவை போக ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 'உன்னைத்தான் கேட்கிறேன்' என்று தொட்டுச் சொல்ல ஒரு கம்பி தனி. அது உயிர்பெற்றால், முகவரி இல்லாத கார்டும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் 256 பைட் அளவுக்கு ஓர் ஏடு இருக்கிறது. முதல் இரண்டு பைட்டில் சில்லைச் செய்தவரின் எண், அடுத்த இரண்டில் அது எந்தச் சில்லு என்ற எண். கொஞ்சம் தள்ளி, இது நெட்வொர்க் வகையா, திரை வகையா, சேமிப்பு வகையா என்று ஒரு குறிப்பு. மஞ்சள் குறி போட்ட விண்டோஸ், 'கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று பாதிப் பெயராவது சொன்னது அந்தக் குறிப்பைப் படித்துத்தான்.

அறை காலியாக இருந்தால்? இதுதான் இன்னும் சுவாரசியம். கார்டு இருந்தால், 'என்னைத்தான் கேட்கிறாய்' என்று பொதுவான வேறொரு கம்பியை இழுத்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர், அதாவது பிராசஸர் சார்பில் கேட்கும் சில்லு, சில கடிகாரத் துடிப்புகள் மட்டும் காத்திருப்பார். யாரும் இழுக்காவிட்டால் கேள்வியைக் கைவிட்டுவிடுவார். ஆனால் பிராசஸரிடம் போய், 'யாரும் இல்லை' என்று சொல்ல அங்கே தனி மொழி இல்லை. அது கேட்டது ஒரு எண், எண்ணாகத்தான் பதில் போக வேண்டும். அதனால் பதினாறு பிட்டிலும் (பிட் என்பது 0 அல்லது 1) 1 என்றே நிரப்பி அனுப்பிவிடுவார்கள்: எஃப்எஃப்எஃப்எஃப். மௌனத்துக்கு ஓர் எண். அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்தும் விட்டார்கள். கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் கார்டெல்லாம் காலி அறையாகத் தெரிந்திருக்கும்!

256 தெரு, தெருவுக்கு 32 வாசல், வாசலுக்கு எட்டு ஆள் வரை கேட்க இந்த முறையில் இடம் உண்டு. கம்பெனி படம் திரையில் வருவதற்குள் இந்தக் கணக்கெடுப்பு முடிந்துவிடும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸில் பொதுக் கம்பிகளே கிடையாது, எல்லாம் ஆளுக்கு ஆள் நேர் பாதை. ஏடும் 4096 பைட்டாக வளர்ந்துவிட்டது. ஆனால் ஆள் இல்லாவிட்டால் எஃப்எஃப்எஃப்எஃப் என்கிற பழைய வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை.

ஆள் தெரிந்ததும் அடுத்த கேள்வி, 'உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?' இதற்கும் நேரடியாகப் பதில் எழுதியிருக்காது. முகவரி எழுதவேண்டிய 32 பிட் கட்டத்தை முழுக்க ஒன்றுகளால் நிரப்பிவிட்டு, உடனே திரும்பப் படிப்பார்கள். ஒரு மெகாபைட் தேவைப்படும் கார்டில் கீழ்ப்பக்கத்து இருபது பிட்டுகள் எழுதினாலும் ஒட்டாது, சுழியமாகவே வரும். இரண்டை இருபது முறை பெருக்குங்கள், ஒரு மெகாபைட். எழுதியது ஒட்டாமல் போன இடமே அளவைச் சொல்லிவிடுகிறது. இதை யோசித்த பொறியாளர் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு தாம்பாளம் நிறைய மனகோலம் அனுப்பலாம்.

தேவகோட்டை கம்ப்யூட்டருக்கு வருவோம். 8086 என்பது இன்டெல். 1978-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே அந்த நிறுவனம் விலாசமாக எடுத்துக்கொண்டது. (ஏஎம்டிக்கு 1022, ரியல்டெக்குக்கு 10இசி, என்விடியாவுக்கு 10டிஇ.) 1458 என்பது மதர்போர்டு செய்த கிகாபைட். அடியில் செய்தவர் முத்திரை, விளிம்பில் வீட்டு விலாசம், நான் சொன்னேனே. 1சி3ஏ என்பது இன்டெல் 6 வரிசைச் சிப்செட்டோடு (மதர்போர்டின் முக்கியத் துணைச் சில்லு) வரும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உட்பகுதி. கெட்டுப்போன பாகம் எதுவும் இல்லை. அதோடு பேசத் தேவையான டிரைவர் என்ற மென்பொருள் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டால் மஞ்சள் போய்விடும்.

ஆனால் அந்த எண் இன்னொன்றையும் சொல்லிவிட்டது. 6 வரிசை 2011-இல் இரண்டாம் தலைமுறைப் பிராசஸர்களோடு வந்தது. பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பித்தால் மூன்றாம் தலைமுறை வரை பல போர்டுகளில் ஓடும். நாலாம் தலைமுறை 2013-இல் வந்தது. அதன் சாக்கெட்டில் 1150 தொடுமுனைகள், 6 வரிசைப் போர்டில் இருப்பதோ 1155. நாலாம் தலைமுறைப் பிராசஸர் அதில் உட்காரவே உட்காராது. ஸ்டிக்கர் பொய்.

சந்தேகம் தீர, டாஸ்க் மேனேஜரில் பெயர் பார்க்கச் சொன்னேன். ஐ5 2400 என்று இருந்தது. முதல் இலக்கம் இரண்டு, இரண்டாம் தலைமுறை. பிராசஸரிடம் பெயர் கேட்பதற்கு அதன் ஆணைத்தொகுதியிலேயே ஓர் ஆணை உண்டு. 48 பைட் அளவுக்குப் பெயர் சொல்லும்.

மற்றப் பாகங்களும் தம்மைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவைதான். ரேம் பட்டையில் ஒரு குட்டி நினைவகச் சில்லில் அதன் வகை, கொள்ளளவு, வேகம் எழுதியிருக்கும். மானிட்டர் கேபிள் வழியே 128 பைட் அனுப்பும், அதில் செய்த ஆண்டுகூட உண்டு. ஹார்ட் டிஸ்க் இதுவரை எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும். பழையது வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். லினக்ஸ் இருக்கும் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அதிலிருந்து பூட் செய்து 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்று தட்டினால் மொத்தப் பட்டியலும் வந்துவிடும். எண்ணைப் பெயராக்கும் அந்த அட்டவணையைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்த ஊர் நம் காரைக்குடி. நம் பிள்ளைகளுக்கோ கம்ப்யூட்டர் வகுப்பில் எழுத்தைத் தடிமனாக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பழைய மதர்போர்டு மலிவாகவே கிடைக்கும். அதை மேசையில் வைத்து எல்எஸ்பிசிஐ தட்டிக் காட்டினால் ஒரு பருவத்துக்கான பாடம் அதிலேயே இருக்கிறது.

எண்ணும் பொய் சொல்லுமா என்றால், சில இடங்களில் சொல்லும். கிராஃபிக்ஸ் கார்டில் பயாஸை மாற்றி எழுதி, பழைய சில்லைப் புதிய மாடல் பெயரில் விற்கிறார்கள். ஜிபியு-இசட் போன்ற மென்பொருள்கள் இதைக் கண்டுபிடித்துப் போலி என்றே காட்டும். கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும் பென்டிரைவ்களும் உண்டு. அவற்றை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

வாசகர் டிரைவர் போட்டுவிட்டார், மஞ்சள் குறி போய்விட்டது. கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "ஸ்டிக்கர் நான் ஒட்டலைங்க, கேபினெட்டே பழசு, அதோடு வந்தது" என்றாராம் கடைக்காரர். ஆனாலும் ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கேபினெட் வெறும் தகரப்பெட்டி. அதற்கு வெண்டர் எண் கிடையாது, கேட்டுப் பார்க்க வழியில்லை.